ஊரடங்கைத் தளர்த்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஊரடங்கு நீட்டிக்கப்பட்டபோதும் தளர்த்தப்பட்டபோதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. பட்டிமன்றத்துக்கும் வகுப்பறை விவாதத்துக்கும் தயாராகிறவர்கள் இன்றும் அவற்றையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் கொரோனாக் காலத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்தவை.

1. ஊரடங்கு போட்டா நோய் போயிடுமா? போகாதுன்னா எதுக்குப் போடணும்?

போகாது. மனிதர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது குறைவதால் பரவும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். அப்படிக் கிடைக்கும் நாட்களில் படுக்கை, ஆக்சிஜன் குழாய், பரிசோதனைக் கூடம், தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டிவிட வேண்டும். 2021 மே மாதம் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே இடமில்லாமல் வண்டிக்குள்ளேயே நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். அந்த நிலை வராமல் பார்ப்பதுதான் ஊரடங்கின் வேலை.

ஆகவே தளர்த்தலாமா என்று யாராவது கேட்டால், "மூடியிருந்த நாட்களில் என்ன தயாரானது?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒன்றும் தயாராகவில்லை என்றால் இன்னும் 15 நாள் மூடினாலும் அதே இடத்தில்தான் நிற்போம்.

2. 144-ம் ஊரடங்கும் ஒண்ணுதானா? இதைப் போடுறதும் எடுக்கறதும் யார் கையில இருக்கு?

இரண்டும் வேறு. 144 என்பது ஐந்து பேர், அதற்கு மேல் கூடுவதைத் தடுக்கப் பயன்படும் குற்ற நடைமுறைச் சட்டப் பிரிவு. (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163-வது பிரிவு.) தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு அதுதான் முதலில் வந்தது. மறுநாள் தொடங்கிய 21 நாள் நாடு தழுவிய ஊரடங்கு, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு போட்டது.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிகளை மாநிலம் இறுக்கலாம், ஆனால் இளக்க முடியாது. 2021 ஜனவரி 4 அன்று திரையரங்குகளில் 100 சதவீத இருக்கைக்குத் தமிழ்நாடு அனுமதி தந்தது. ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஆட்சேபித்ததும் அதே வாரத்தில் 50 சதவீதத்துக்குத் திரும்பியது. "மாநிலமே திறந்துவிட வேண்டியதுதானே" என்று வாதாடும் முன் இதை மனதில் வையுங்கள்.

3. தினமும் எண்ணிக்கை குறையுதே. இன்னும் ஏன் திறக்க மாட்டேங்கிறாங்க?

இன்று மாலை செய்தியில் வரும் எண் இன்றைய தொற்று கிடையாது. ஆரம்ப வகைக் கொரோனாவில் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5, 6 நாள் ஆகும். சிலருக்கு 14 நாள் வரை போகும். காய்ச்சல் வந்து, ஓரிரு நாள் கஷாயம் குடித்துப் பார்த்து, மாதிரி கொடுத்து, முடிவு வர மேலும் மூன்று நாளாவது பிடிக்கும். அதாவது செய்தியில் வருவது எட்டு, பத்து நாளுக்கு முந்தைய நிலவரம்.

மரணம் இன்னும் பின்தங்கி வரும். தமிழ்நாட்டின் இரண்டாம் அலையில் தினசரி பாதிப்பு உச்சம் தொட்டது 2021 மே 21-ல், 36,184 பேர். அதற்கு ஒன்பது நாள் கழித்து, பாதிப்பு 29,000-க்குக் கீழே இறங்கிவிட்ட மே 30 அன்று அறிவிக்கப்பட்ட மரணங்கள் 493. இறங்குமுகத்தைப் பார்த்த உடனே திறந்தால், வார்டுகள் நிரம்பி வழியும் நேரத்தில் புதிய தொற்றுகளையும் சேர்த்து அனுப்புகிறோம்.

4. பாசிட்டிவிட்டி 5 சதவீதம்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

பரிசோதித்த ஒவ்வொரு நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று உறுதியானது என்ற கணக்கு. ஒரு மாவட்டத்தில் 4,000 மாதிரிகளில் 320 பேருக்குத் தொற்று என்றால் 8 சதவீதம். அடுத்த வாரம் மாதிரிகளை 1,500 ஆகக் குறைத்து, 150 பேருக்குத் தொற்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது போலத் தெரியும், ஆனால் விகிதம் 10 சதவீதமாக ஏறியிருக்கிறது. நோய் குறையவில்லை, தேடுவதுதான் குறைந்தது. அதனால்தான் விகிதம் 5-க்குக் கீழே இரண்டு வாரமாவது நிலைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்னது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆன்டிஜென் விரைவுப் பரிசோதனை சில தொற்றுகளைத் தவறவிடும். ஆய்வகத்தில் செய்யும் ஆர்டிபிசிஆர் பரிசோதனையோடு அதைக் கலந்து எண்ணினால் விகிதம் தானாக இறங்கும். தமிழ்நாடு ஆர்டிபிசிஆரை மட்டுமே நம்பியது. அதனால் வேறு மாநிலத்தின் விகிதத்தோடு நம்முடையதை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. காய்ச்சல் முகாம்களில் எடுத்ததா, ரயில் நிலையத்தில் வருகிறவர்களிடம் எடுத்ததா என்பதும் எண்ணை மாற்றும்.

5. ஆர் மதிப்பு ஒண்ணுக்குக் கீழ போகணும்கிறாங்க. 0.9-க்கும் 1.1-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதே ஆர். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் ஒரு சுற்றுக்கு 5 நாள் என்று வைத்து, வித்தியாசம் நன்றாகத் தெரிய 0.8-ஐயும் 1.2-ஐயும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1,000 தொற்றில் தொடங்குகின்றன. 15 நாளில் முதலாவது 512 ஆகிறது, இரண்டாவது 1,728. ஒரு மாதத்தில் முதலாவது 260 அளவுக்கு இறங்குகிறது. இரண்டாவது 3,000-ஐ நெருங்குகிறது. 0.9-க்கும் 1.1-க்கும் இடையிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

தளர்த்துவது என்றால் இந்த மதிப்பு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 0.7-ல் இருக்கும்போது ஒன்றிரண்டு தளர்வுகளைத் தாங்கலாம். 0.95-ல் இருக்கும்போது ஒரு சந்தையைத் திறந்தாலே 1 என்ற கோட்டைத் தாண்டிவிடும்.

6. சரி, திறக்கலாம்னு முடிவு பண்ண எதையெல்லாம் பார்க்கணும்?

உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் ஆறு நிபந்தனைகள் சொன்னது: பரவல் கட்டுக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொரு தொற்றையும் கண்டுபிடித்து, தனிமைப்படுத்தி, தொடர்புகளைத் தேடும் திறன் இருக்க வேண்டும், மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் ஆபத்து குறைந்திருக்க வேண்டும், பள்ளியிலும் பணியிடத்திலும் தடுப்பு ஏற்பாடு வேண்டும், வெளியிலிருந்து வரும் தொற்றைக் கையாள வழி வேண்டும், மக்களுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு இன்னும் நேரடியான அளவுகோல் தந்தது. ஒரு வாரப் பாசிட்டிவிட்டி 10 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது ஆக்சிஜன், தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தாலோ கட்டுப்பாடு. அதே ஆண்டு ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா திறப்பதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார்: பாசிட்டிவிட்டி 5-க்குக் கீழே, எளிதில் பாதிக்கப்படுகிறவர்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி, சமூகமே முன்வந்து முகக்கவசமும் இடைவெளியும் காப்பது.

இவற்றில் நாங்கள் அதிகம் மதிப்பது படுக்கைக் கணக்கை. பாசிட்டிவிட்டியைப் பரிசோதனை எண்ணிக்கை ஆட்டிவைக்கும். ஆக்சிஜன் படுக்கை நிரம்பியிருக்கிறதா என்பதில் அப்படி விளையாட இடம் குறைவு.

7. ஒரேயடியா திறந்தா ஒரே தலைவலியோட போயிடுமே, எதுக்கு இழுத்து இழுத்து?

3-வது பதிலில் சொன்ன தாமதம்தான் காரணம். திங்கள்கிழமை பேருந்து, ஜவுளிக்கடை, வழிபாட்டுத் தலம், ஜிம் எல்லாவற்றையும் திறந்து, பன்னிரண்டாம் நாள் எண்ணிக்கை ஏறினால் எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மறுபடி எல்லாவற்றையும் மூட வேண்டிவரும். ஒரு தளர்வுக்கும் அடுத்ததற்கும் இரண்டு வாரம் விட்டால், தவறு எங்கே என்று தெரியும், அதை மட்டும் திருத்தலாம்.

வரிசைக்கு ஒரு எளிய வழி: திறந்த வெளி முன்னால், காற்றோட்டமில்லாத அறை பின்னால், சற்று நேரம் நின்று போகும் இடம் முன்னால், மணிக்கணக்கில் உட்கார்ந்து உரக்கப் பேசும் இடம் பின்னால்.

8. கடை நேரத்தைக் குறைச்சா கூட்டம் குறையும்தானே?

கூடும். ஒரு மளிகைக்கடைக்கு நாளொன்றுக்கு 600 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் இரவு 8 வரை திறந்தால் மணிக்கு 43 பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரே நேரத்தில் கடை வாசலில் 7 பேர். காலை 6 முதல் 10 வரை மட்டும் என்றால் மணிக்கு 150 பேர், ஒரே நேரத்தில் 25 பேர். அரிசியும் பருப்பும் வாங்கும் தேவை குறையவில்லை, நேரம்தான் சுருங்கியது. 2021 மே 15 முதல் மளிகை, காய்கறிக்கடைகளுக்குக் காலை 10 மணி வரைதான் என்று ஆனபோது இதையே பார்த்தோம்.

முன்னறிவிப்பு கொடுக்கும் முறையும் அப்படியே. சென்னை, கோவை, மதுரையில் 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னால் சொன்னார்கள். 25-ஆம் தேதி சந்தைகளில் ஆள்மேல் ஆள் விழுந்தது. நான்கு நாளில் தடுத்ததை ஒரே நாளில் பரப்பிவிடக்கூடிய கூட்டம் அது. நேரக் குறைப்பு வேண்டுமென்றால், கூடவே தெருவுக்குத் தெரு காய்கறி வண்டி, தொலைபேசியில் பட்டியல் சொல்லி வீட்டுக்கு வரவழைப்பது, ரேஷன் கடையில் தேதி போட்ட டோக்கன் இவையும் இருந்தாக வேண்டும்.

9. கோயம்பேட்டுல என்னதான் தப்பு நடந்துச்சு? சந்தையை மூடவே முடியாதே.

மூட முடியாத இடம் என்பதால்தான் அதை முதல் நாளிலிருந்தே வேறு மாதிரி நடத்தியிருக்க வேண்டும். வெளிமாநில லாரிகள் வந்து சேரும் இடம், சுமை தூக்குகிறவர்கள் வேலை செய்து அங்கேயே படுத்துறங்கும் இடம், மொத்த வியாபாரியும் ஒரு கிலோ தக்காளி வாங்க வந்தவரும் ஒரே சந்தில் உரசிப் போகும் இடம். வெளியே ஊரடங்கு, உள்ளே திருவிழா.

2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்குள் தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென ஏறியதற்கு அந்தத் தொடர்புதான் காரணம். மூடும்போது செய்ய வேண்டியது, உள்ளே இருப்பவர்களை அங்கேயே பரிசோதித்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, முடிவு வந்த பிறகு அனுப்புவது. அதைச் செய்யாமல் கதவைப் பூட்டினால் நோய் பேருந்து ஏறும்.

பிறகு காய்கறிச் சந்தை திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் போயின. செப்டம்பரில் கோயம்பேடு மீண்டும் திறந்தபோது முதலில் உணவு தானியம், பிறகு காய்கறி மொத்த வியாபாரம் என்று கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். பெரிய சந்தை எதையும் திறப்பதற்கு அந்த இரண்டாம் முறைதான் பாடம்: மொத்தத்தையும் சில்லறையையும் பிரி, லாரி வரும் நேரத்தையும் ஆள் வரும் நேரத்தையும் பிரி.

10. டாஸ்மாக்கைத் திறக்கலாம், கோயிலைத் திறக்கக் கூடாதா?

இந்தக் கோபம் நியாயமானது. 2020 மே 7-ல் சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறந்தது. வயதுவாரியாக நேரம் பிரித்தும் வரிசை அடங்கவில்லை. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, 16-ஆம் தேதி மறுபடி திறந்தது, இம்முறை கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன் என்ற கணக்கில். கோயில்களோ, ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ள கிராமக் கோயில்கள் ஜூலையிலும், பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-லும்தான் திறந்தன.

நோய்ப் பார்வையில் மட்டும் பார்த்தால் வாங்கிக்கொண்டு போகும் கடையும், பிராகாரத்துக்குள் ஒரு மணி நேரம் நிற்கும் கூட்டமும் ஒன்றல்ல. ஆனால் டாஸ்மாக்கைத் திறந்தது வருமானத்துக்காக என்று எல்லோருக்கும் தெரியும். அதை வெளிப்படையாகச் சொல்லாமல் மற்றதற்கு மட்டும் நோயைக் காரணம் காட்டியதால், முகக்கவசம் போடுங்கள் என்று சொன்ன அதே வாய்மேல் மக்களுக்கு நம்பிக்கை போனது. தளர்வுக்குக் காரணம் வருமானம் என்றால் வருமானம் என்றே ஆணையில் எழுத வேண்டும்.

11. பிள்ளைங்களுக்குத்தான் பெருசா ஒண்ணும் ஆகலையே, ஸ்கூலை ஏன் கடைசியா திறந்தாங்க?

எங்கள் பார்வையில் தமிழ்நாடு செய்த மிகப்பெரிய வரிசைப் பிழை இது. திரையரங்குகள் 2020 நவம்பர் 10-ல் திறந்தன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19-ல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையைப் பார்க்க 2021 நவம்பர் 1 வரை, ஏறத்தாழ 19 மாதம், காத்திருந்தது. கைப்பேசி இல்லாத வீட்டில் அந்த 19 மாதமும் படிப்பே இல்லை. சத்துணவுக் கூடத்தில் சூடாகக் கிடைத்த மதியச் சாப்பாடும் இல்லை. பிறகு இல்லம் தேடிக் கல்வி என்று மாலை வகுப்புத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

எதிர்வாதமும் இருக்கிறது. குழந்தைக்கு லேசாக வந்தாலும் அதே வீட்டில் பாட்டி இருக்கிறார். 2020 நவம்பரில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டு, 9 முதல் 12 வரை திறக்கும் முடிவை அரசு கைவிட்டது. அதற்குத் தீர்வு வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் வரவழைப்பது, ஜன்னலைத் திறந்து வைப்பது, வேப்பமரத்தடியில் நடத்துவது, ஆசிரியர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை தருவது. இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு தலைமுறை எழுத்துக்கூட்டத் திணறுவதைவிடக் குறைவு.

12. நோயில சாகறதா, பசியில சாகறதா? தினக்கூலிக்கு யார் பதில் சொல்றது?

ஊரடங்கை நீட்டிக்கச் சொல்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீட்டிப்பு ஆணையும் நிவாரண ஆணையும் ஒரே நாளில், ஒரே தாளில் வர வேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் தந்தார்கள். 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் தந்தார்கள். நாளுக்கு 500 ரூபாய் சம்பாதித்த கொத்தனார் கையாளுக்கு 2,000 என்பது நான்கு நாள் கூலி. மாதம் முழுக்க மூடிவிட்டு நான்கு நாள் கூலி கொடுத்தால் அவர் ஐந்தாம் நாள் வெளியே வருவார். அதைக் குற்றமாகப் பார்ப்பது கொடுமை.

இன்னொரு ஓட்டை: நிவாரணம் ரேஷன் அட்டை வழியே போகிறது. அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளிக்கும், அட்டை வேறு மாவட்டத்தில் உள்ள வாடகைக்காரருக்கும் போகாது. 2020-ல் நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டை மூடிய பிறகு, தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியது மே 1-ல். நடுவே நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

13. பக்கத்து மாவட்டத்துல பஸ் ஓடுது, எங்க ஊர்ல டீக்கடை கூட இல்ல. இது அநியாயம் இல்லையா?

எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் மாநிலம் முழுக்க ஒரே விதி என்பது அதைவிட அநியாயம். 2021 மே கடைசியில் சென்னையில் எண்ணிக்கை இறங்க, கோவை சென்னையைத் தாண்டிப் போனது. ஜூன் 7 முதல் தளர்வு வந்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தஞ்சாவூர் உள்ளிட்ட மேற்கு, டெல்டா மாவட்டங்கள் 11-க்கு மட்டும் கட்டுப்பாடு அதிகமாக நீடித்தது. பிறகு 38 மாவட்டங்களையும் மூன்று வகையாகப் பிரித்தார்கள்.

கெட்டுப்போவது எல்லையில். திருப்பூரில் வேலை, கரூரில் வீடு என்று இருப்பவருக்கு மாவட்டக் கோடு ஒரு சுவர். 2020-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையத்தில் வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் அந்தச் சுவருக்குக் கதவாக இருந்திருக்க வேண்டும். சாவுக்குப் போகக் கேட்டவருக்கு மறுப்பும், தரகரிடம் பணம் கொடுத்தவருக்கு அனுமதியும் கிடைக்கும் என்ற புகார்கள் குவிந்து, ஆகஸ்ட் 17 முதல் கேட்ட எல்லோருக்கும் தந்து, செப்டம்பரில் மாவட்டங்களுக்கு இடையே அதை எடுத்தே விட்டார்கள். வேலைக்குப் போய்வரும் வட்டாரத்தை ஒரே அலகாக எடுத்துக்கொண்டு விதி போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

14. சுவீடன்ல ஊரடங்கே போடலையே, அவங்க நல்லாத்தானே இருக்காங்க?

பாதி உண்மை. கடைகளையும் தொடக்கப் பள்ளிகளையும் அவர்கள் மூடவில்லை. ஆனால் 2020 மார்ச் கடைசியிலேயே 50 பேருக்கு மேல் கூடத் தடை, மேல்நிலை வகுப்புகள் இணைய வழியில், முதியோர் இல்லங்களுக்குப் போகத் தடை எல்லாம் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் பொதுக்கூட்ட வரம்பை எட்டுப் பேராகவே சுருக்கினார்கள். முதல் அலையில் பக்கத்து நாடுகளான நார்வே, பின்லாந்தைவிட மக்கள்தொகை விகிதத்தில் பல மடங்கு அதிகம் பேர் இறந்தார்கள், குறிப்பாக முதியோர் இல்லங்களில்.

அங்கே தனியாளாக வசிப்பவர்கள் மிகுதி. உடம்பு சரியில்லை என்றால் முதல் நாளிலிருந்தே சம்பளம் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. வியாசர்பாடியில் ஒற்றை அறையில் ஆறு பேர், லீவு போட்டால் கூலி இல்லை என்ற நிலைக்கு அந்த உதாரணத்தை அப்படியே கொண்டுவர முடியாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, சின்னப் பிள்ளைகளின் பள்ளியை மூடாமல் காத்ததும் அந்த நோய்க்கால ஊதியமும்.

15. வயசானவங்களை மட்டும் பத்திரமா வச்சுட்டு மத்தவங்க வேலைக்குப் போனா என்ன?

2020 அக்டோபரில் சில விஞ்ஞானிகள் வெளியிட்ட கிரேட் பாரிங்டன் பிரகடனம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அந்த மாதமே இதை மறுத்து வேறு பல விஞ்ஞானிகள் ஜான் ஸ்னோ குறிப்பாணையை வெளியிட்டார்கள். கேரளம் "ரிவர்ஸ் குவாரன்டைன்" என்ற பெயரில் முதியவர்களைத் தனியே காக்கும் முறையை முயன்றது, ஆனால் மற்றக் கட்டுப்பாடுகளையும் கைவிடாமல்.

நடைமுறைச் சிக்கல், வீட்டில் தனி அறையும் தனிக் கழிவறையும் வேண்டும் என்பது. வேலைக்குப் போய்வரும் மகனும் சர்க்கரை நோயுள்ள அம்மாவும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் "தனியாக வை" என்பது வெறும் சொல். அதோடு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நம் ஊரில் நாற்பது வயதிலேயே வந்துவிடுகின்றன. பத்திரமாக வைக்க வேண்டியவர்களின் பட்டியலில் வேலைக்குப் போகிறவர்களே நிறையப் பேர் இருப்பார்கள்.

16. தடுப்பூசி வந்ததுக்கு அப்புறமும் இதே அளவுகோல்தானா?

இல்லை, மாற்ற வேண்டும். 2022 ஜனவரி ஒமைக்ரான் அலையில் தமிழ்நாட்டின் தினசரி பாதிப்பு 30,000-ஐத் தொட்டது. எண்ணிக்கையில் அது 2021 மே மாதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அன்றாட மரணம் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு என்று தொடங்கி, ஜனவரி 28-லேயே அவற்றை விலக்கிக்கொள்ள முடிந்தது. தடுப்பூசிக்குப் பின் தொற்று எண்ணிக்கையைவிட ஆக்சிஜன் படுக்கையே திறப்பதற்கான அளவுகோல் (6-வது பதிலைப் பாருங்கள்).

17. விவாதத்துல "உயிரா, பொருளாதாரமா?"ன்னு மடக்கினா என்ன சொல்றது?

இரண்டையும் எதிரெதிராக வைப்பதையே முதலில் மறுக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது. அந்தக் காலாண்டிலும் வேளாண்மை 3.4 சதவீதம் வளர்ந்தது, காரணம் அறுவடையும் கொள்முதலும் அனுமதிக்கப்பட்டிருந்தன. எதைத் திறந்து வைத்தோம் என்பது அவ்வளவு தூரம் கணக்கை மாற்றும். ஊரடங்கு போடாத சுவீடனின் பொருளாதாரமும் அதே காலாண்டில் சுருங்கியது. நோய் பயம் இருக்கும்வரை, திறந்த ஜவுளிக்கடைக்கும் ஆள் வரமாட்டார்கள்.

எதிரணி பொருளாதாரம் என்று சொன்னால், யாருடைய பொருளாதாரம் என்று கேளுங்கள். உயிர் என்று சொன்னால், டயாலிசிஸுக்குப் போகப் பேருந்தில்லாமல் தவித்தவரின் உயிரும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். விதியை அமல்படுத்தும் முறையில் போகும் உயிரும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்துபோனார்கள். கட்டுப்பாடு வேண்டும் என்று வாதிடுகிறவர், லத்தி இல்லாமல் அதை எப்படிக் காப்பது என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

18. திறந்துட்டோம். மறுபடி ஏறினா எப்ப மூடணும்?

திறக்கும் நாளிலேயே அதை எழுதி வைத்திருக்க வேண்டும். உதாரணமாக: ஏழு நாள் சராசரிப் பாசிட்டிவிட்டி 5-ஐத் தாண்டினால் திருமண மண்டப எண்ணிக்கையைப் பாதியாக்குவது, 10-ஐத் தாண்டினால், அல்லது ஆக்சிஜன் படுக்கைகள் 40 சதவீதம் நிரம்பினால் கடைசியாகத் திறந்ததை முதலில் மூடுவது, 60 சதவீதத்தில் முழு ஊரடங்கு. 60 வரும்வரை காத்திருந்துவிட்டு முதல் அடி எடுத்து வைத்தால், 3-வது பதிலில் சொன்ன தாமதத்தால் அடுத்த பத்து நாளும் படுக்கைகள் நிரம்பிக்கொண்டேதான் போகும். மாவட்டத்துக்கு எத்தனை படுக்கை என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறலாம். ஆனால் ஆட்சியர் அலுவலகப் பலகையிலும் நாளிதழிலும் தினமும் அவை வெளிவர வேண்டும், அப்போதுதான் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவரும் பாத்திரக்கடைக்குச் சரக்கு எடுக்கிறவரும் அடுத்த வாரம் என்னவாகும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ள முடியும்.